ஒன்ராறியோவிலிருந்து இனுவிலுக்கு: டொக்டர் மேரி ரட்ணம்

நூற்றாண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று தரும்படி சங்கத்துச் செயலாளர் அக்கா கேட்டபோது இரண்டு மனமாக இருந்தது. பெண்களின் உடல்நலம் பற்றி, குறிப்பாக எச்.ஐ.வி. தடுப்புப் பற்றி எழுதுவதா? அல்லது நம் கல்லூரி பிறந்த காலத்தில் இந்நாட்டுப் பெண்களுக்காக உழைத்த ஒருவரின் வாழ்க்கையை எழுதுவதா? யோசித்துப் பார்த்ததில் இரண்டும் ஒரே கதைதான் என்று பட்டது. ஆகவே டொக்டர் மேரி ரட்ணத்தின் வாழ்க்கையை ஒரு மருத்துவராக இருந்துகொண்டு சொல்ல முயல்கிறேன்.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 1873ஆம் ஆண்டு மேரி ஹெலன் இர்வின் பிறந்தார். பெண்கள் மருத்துவம் படிப்பதைப் பலர் ஏளனமாகப் பார்த்த காலம் அது. ரொறன்ரோவில் மருத்துவப் படிப்பை முடித்த மேரி, மிஷன் மருத்துவராகக் கீழைத்தேயத்துக்குப் போவதென்று தீர்மானித்தார். அப்போது யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த லீச் சகோதரிகள், பெண்களுக்கென ஒரு மருத்துவமனை அமைக்க வெளிநாடுகளில் நிதி திரட்டியிருந்தார்கள். இனுவிலில் எழுந்த மக்லியொட் ஆஸ்பத்திரிதான் அது. நம் அம்மம்மாமார் பலர் பிறந்த இடம், அல்லது பிள்ளை பெற்ற இடம். அந்த மருத்துவமனைக்குத் தெரிவான பெண் மருத்துவர்களில் மேரியும் ஒருவர்.

புறப்படுவதற்கு முன் நியூயோர்க்கில் இருந்த காலத்தில், அங்கு படித்துக்கொண்டிருந்த சாமுவேல் கிறிஸ்மஸ் கனகரட்ணம் என்ற இலங்கைத் தமிழ்க் கிறிஸ்தவ இளைஞரைச் சந்தித்தார். 1896இல் இருவரும் மணம் செய்துகொண்டனர். மிஷன் வட்டாரத்துக்கு இது பெரும் சங்கடமாகிவிட்டது. சுதேசி ஒருவருக்குச் சேவை செய்ய வெள்ளைக்காரப் பெண் வரலாம். அவருக்கு மனைவியாக வரலாமா? யாழ்ப்பாணத்திலும் அந்தச் சங்கடம் தொடர்ந்தது. இனுவிலில் அவர் நிலைத்துப் பணியாற்ற முடியவில்லை. கணவனும் மனைவியும் கொழும்புக்குப் போனார்கள்.

இனுவிலுக்கு இது இழப்பு. நாட்டுக்கு இது வேறொரு தொடக்கமாக அமைந்தது.

அன்றைய கொழும்பை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். இலங்கை மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்கத் தொடங்கி அப்போது சில ஆண்டுகளே ஆகியிருந்தன. பெண் மருத்துவர்களை விரல்விட்டு எண்ணலாம். ஆண் மருத்துவரிடம் தன் உடம்பைக் காட்டுவதைவிடச் சாவது மேல் என்று எண்ணிய பெண்கள் எல்லா இனங்களிலும் இருந்தார்கள். கருப்பை கீழிறங்கிய தாயும், பிரசவத்தின் பின் காய்ச்சலில் கிடந்த தாயும், நாள்கணக்கில் உதிரம் போய்க்கொண்டிருந்த பெண்ணும் வீட்டுக்குள்ளேயே முடிந்துபோனார்கள். நோய் பாதி கொன்றது என்றால் வெட்கம் மீதியைக் கொன்றது.

கொழும்பில் பெண்களுக்கென இருந்த லேடி ஹவ்லொக் ஆஸ்பத்திரியில் மேரி ரட்ணம் சில காலம் கடமையாற்றினார். பின் தனிப்பட்ட முறையில் வைத்தியம் செய்யத் தொடங்கினார். அவரிடம் எல்லா இனப் பெண்களும் வந்தார்கள். பர்தா முறையைப் பேணிய முஸ்லிம் பெண்களுக்கு அவர் மிகவும் வேண்டியவரானார். அந்த வீடுகளுக்குள் எந்த ஆண் மருத்துவரும் கேட்க முடியாத கதைகளை அவர் கேட்டிருப்பார். மருத்துவத்தில் ஒரு பெண் வாய் திறந்து சொல்வதுதான் சிகிச்சையின் முதற்படி. அவள் சொல்லத் துணியும் ஓர் ஆளாக இருப்பது எந்தப் பட்டத்தாலும் வந்துவிடாது.

வேறொருவராக இருந்தால் இத்துடன் திருப்தி அடைந்திருப்பார். பேரும் பணமும் தரும் தொழில், கணவர், பிள்ளைகள், கொழும்பில் மதிப்பான வாழ்வு. ஆனால் தன்னிடம் வரும் நோய்களில் பெரும்பாலானவை மருந்தில்லாமலே தடுத்திருக்கக்கூடியவை என்பதை அவர் கண்டுகொண்டார். சுத்தமில்லாத பிரசவ அறை, அடுத்தடுத்துப் பிறக்கும் பிள்ளைகள், இரத்தசோகை, அறியாமை. இவற்றுக்கு மருந்துப் பெட்டியில் பதில் இல்லை. ஆகவே அவர் மருந்துப் பெட்டியோடு பாடப் புத்தகத்தையும் வாக்குச்சீட்டையும் கையில் எடுத்தார்.

1904இல் இலங்கைப் பெண்கள் ஒன்றியத்தை அவர் தொடக்கினார். நாட்டின் முதற் பெண்கள் அமைப்பு என்று அதைச் சொல்வார்கள். 1909இல் கொழும்பில் தமிழ் மாதர் சங்கம் உருவானபோதும் அவர் பங்கு அதில் இருந்தது. பெண்கள் கூடிப் பேசுவதற்கு ஓர் இடம் வேண்டும் என்பது அவருடைய அடிப்படை எண்ணம். நம் பழைய மாணவிகள் சங்கம் போன்றவற்றை வெறும் தேநீர் விருந்து என்று கேலி செய்பவர்களுக்கு இதை நான் சொல்வதுண்டு. பெண்கள் கூடும் இடத்தில்தான் பெண்களின் உடம்பைப் பற்றிய பேச்சும் தொடங்குகிறது.

அடுத்து அவர் பாடசாலையின் பக்கம் திரும்பினார். பாடசாலைகளுக்கான சுகாதாரக் கைநூல் ஒன்றையும், மனையியல் கற்பிப்பதற்கான கைநூல் ஒன்றையும் எழுதினார். சிறுமி பெரியவளாவதற்கு முன்னரே தன் உடம்பைப் பற்றி அறிந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் இந்த வேலையின் பின்னால் இருந்தது. இன்றைக்கு இது சாதாரணமாகத் தோன்றும். ஆனால் எங்கள் காலத்தை எண்ணிப் பாருங்கள். எங்களுக்குப் பெரிய விழாவாகச் சாமத்தியச் சடங்கு செய்தார்கள். தண்ணீர் வார்த்தார்கள், சேலை கட்டினார்கள், படம் பிடித்தார்கள். அந்த உதிரம் ஏன் வருகிறது என்று மட்டும் எவரும் சொல்லவில்லை. விஞ்ஞானப் புத்தகத்தில் இனப்பெருக்கம் பற்றிய அத்தியாயம் வந்தபோது, அதை வீட்டில் வாசித்துக்கொள்ளும்படி விட்டுவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போனோம். இது ஒரு பாடசாலையின் குறையல்ல, ஒரு சமூகத்தின் பழக்கம். மேரி ரட்ணம் கைநூல் எழுதிப் பல பத்தாண்டுகள் கழிந்த பின்பும் நாங்கள் அப்படித்தான் வளர்ந்தோம்.

1927இல் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தோன்றியது. அக்னஸ் டி சில்வா முதலானோருடன் மேரி ரட்ணமும் அதில் முன்னின்றார். சங்கத்தினர் டொனமூர் ஆணைக்குழுவின் முன் சென்று பெண்களுக்கு வாக்குரிமை கேட்டார்கள். ஆணைக்குழு முதலில் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கே வாக்குரிமை தரப் பரிந்துரைத்தது. முடிவில் 21 வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலாருக்கும் அது கிடைத்து, 1931இல் முதற் பொதுத்தேர்தல் நடந்தது. ஒரு மருத்துவருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். வாக்குள்ள தாயின் பிரசவ அறையைப் பற்றித்தான் அரசு கவலைப்படும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 1930களில் நம் நாட்டில் ஒரு லட்சம் பிரசவங்களுக்கு ஏறத்தாழ 2000 தாய்மார் இறந்தார்கள். அண்மைக் காலத்தில் அந்த எண்ணிக்கை 30ஐ அண்டி நிற்கிறது. இந்தச் சரிவை மருத்துவர்கள் மட்டும் கொண்டுவரவில்லை. இலவசக் கல்வியும், இலவச மருத்துவமும், வீடு வீடாக நடந்து திரிந்த மருத்துவமாதுகளும், வாக்களித்த பெண்களும் சேர்ந்து கொண்டுவந்தார்கள்.

1930களின் தொடக்கத்தில் அவர் லங்கா மகிளா சமிதியைத் தொடக்கினார். அவருடைய சொந்த மாகாணமான ஒன்ராறியோவில் 1897இல் பிறந்த கிராமப் பெண்கள் சங்கங்கள்தான் இதற்கு முன்மாதிரி. கிராமத்துப் பெண்கள் ஒன்றுகூடிச் சுத்தம், போசாக்கு, குழந்தை வளர்ப்பு, தையல், தோட்டம் ஆகியவற்றைக் கற்றார்கள். கொழும்புச் சீமாட்டிகள் கிராமத்துக்குத் தானம் செய்யப் போகும் வழக்கத்தை மாற்றி, கிராமத்துப் பெண்ணே தன் கிராமத்துக்குத் தலைவியாகும் வழியை அது திறந்தது.

அவர் செய்த வேலைகளில் அதிக எதிர்ப்பைச் சந்தித்தது குடும்பத் திட்டம். பெண் தனக்கு எப்போது எத்தனை பிள்ளை வேண்டும் என்று தீர்மானிக்கலாம் என்ற பேச்சே பலருக்குப் பாவமாகத் தோன்றிய 1930களில், கொழும்பில் அதற்கென ஒரு கிளினிக்கைத் தொடக்கும் முயற்சியில் அவர் ஈடுபட்டார். மதத்தின் பேரிலும் மானத்தின் பேரிலும் கண்டனங்கள் எழுந்தன. அந்த முயற்சி நீடிக்கவில்லை. ஆனால் விதை அழியவில்லை. 1953இல் சில்வியா பெர்னாண்டோ முதலானோரின் முயற்சியால் குடும்பத் திட்டச் சங்கம் பிறந்தது. 1965இல் அரசாங்கமே குடும்பத் திட்டத்தைத் தாய் சேய் நலச் சேவையோடு இணைத்தது.

1937இல் அவர் கொழும்பு மாநகர சபைத் தேர்தலில் பம்பலப்பிட்டி வட்டாரத்தில் போட்டியிட்டு வென்றார். அந்தச் சபைக்குத் தெரிவான முதற் பெண் அவரே. தேர்தல் வழக்கு ஒன்றில், சட்ட நுணுக்கக் காரணத்தால் சில மாதங்களிலேயே பதவியை இழந்தார். அப்போது அவருக்கு 60 வயது தாண்டியிருந்தது. கணவரையும் இழந்திருந்தார். ஓய்வெடுத்திருக்கலாம். பதவி போனாலும் வேலை போகவில்லை என்பதுபோல மகிளா சமிதிக்காகத் தொடர்ந்து உழைத்தார். 1958இல் பொதுச் சேவைக்கான ரமோன் மக்சேசே விருது அவருக்குக் கிடைத்தது. அப்போது வயது 85. 1962இல் அவர் காலமானார். பிறந்த மண்ணில் கழித்த காலத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு காலம் இந்த மண்ணில் வாழ்ந்திருந்தார்.

அவர் மறைந்து 25 ஆண்டுகள் கழித்து, 1987இல், எச்.ஐ.வி. தொற்றுள்ள முதலாவது இலங்கையர் கண்டறியப்பட்டார். அவர் கேள்விப்பட்டேயிராத நோய். ஆனால் அதைத் தடுப்பதற்கு நாங்கள் பயன்படுத்தும் வழிகள் எல்லாம் அவர் நடந்த வழிகள்தான் என்பதை என் தொழிலில் நாள்தோறும் காண்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் கர்ப்பிணிகள் கிளினிக்கில் ஓர் இளம் பெண்ணைச் சந்தித்தேன். அவரை அடையாளம் காணமுடியாதபடி விவரங்களைத் தவிர்க்கிறேன். முதற் பிள்ளை. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் செய்வதுபோல இரத்தப் பரிசோதனை செய்தோம். எச்.ஐ.வி. தொற்று இருந்தது. கணவனைத் தவிர வேறொருவரை அறியாதவர் அவர். முடிவைக் கேட்டு அவர் அழவில்லை. பிள்ளை செத்துவிடுமா என்று மட்டும் கேட்டார். இல்லை என்று உறுதியாகச் சொல்ல என்னால் முடிந்தது.

சிகிச்சை இல்லாவிட்டால், தொற்றுள்ள தாய்மாரின் குழந்தைகளில் 100க்கு 15 முதல் 45 வரையானோருக்குத் தொற்று ஏற்படக்கூடும். கர்ப்பகாலத்திலேயே கண்டறிந்து மருந்து கொடுத்தால் அது 5க்கும் கீழே இறங்கிவிடும். அந்தப் பெண் ஒரு மாத்திரையையும் தவறவிடவில்லை. பிள்ளை தொற்றில்லாமல் பிறந்து, இப்போது பாடசாலைக்குப் போகிறது. இப்படிப் பல பிள்ளைகள் காப்பாற்றப்பட்டதால்தான், தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் பரவுவதை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் இலங்கைக்குச் சான்றளித்தது.

இந்த வெற்றியின் வேர் எங்கே? ஒவ்வொரு கர்ப்பிணியையும் வீடு தேடிப் போய்ப் பதியும் மருத்துவமாதிடம். அந்த மருத்துவமாதை நம்பிக் கிளினிக்குக்கு வரும் பெண்ணிடம். அந்த நம்பிக்கையைக் கட்டி எழுப்ப ஒரு நூற்றாண்டு பிடித்தது. மேரி ரட்ணத்தைப் போன்றவர்கள் அதன் முதற் கற்களை வைத்தார்கள்.

ஆனால் என் மனத்தில் இன்னொரு கேள்வியும் நிற்கிறது. குழந்தையைக் காப்பாற்றினோம், சரி. தாய்க்குத் தொற்று வராமல் ஏன் காக்க முடியவில்லை? கர்ப்பிணியானதும் நாங்கள் பெண்ணைச் சுற்றி வருகிறோம். அதற்கு முன்னும் பின்னும் அவளை விட்டுவிடுகிறோம். மேரி ரட்ணமோ சிறுமியையும், இளம்பெண்ணையும், தாயையும், கிராமத்து மூதாட்டியையும் ஒரே கண்ணால் பார்த்தார். நாங்களும் அப்படிப் பார்க்கவேண்டும்.

சிறுமிகளுக்குத் தங்கள் உடம்பைப் பற்றியும், தொடுகையைப் பற்றியும், மறுக்கும் உரிமையைப் பற்றியும் வயதுக்கேற்பச் சொல்லிக் கொடுக்க வேண்டும். 2017 முதல் இலங்கைப் பாடசாலைகளில் மாணவிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடப்படுகிறது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுப்பது அது. பிள்ளைக்கு எதற்கு இந்த ஊசி என்று தயங்கும் பெற்றோருக்குப் பழைய மாணவிகளாகிய நாங்கள்தான் விளக்கவேண்டும்.

மணம் பேசும்போது சாதகம் பார்க்கிறோம், சீர்வரிசை பேசுகிறோம். இருவரும் ஒரு தடவை இரத்தம் பரிசோதிப்போம் என்று சொன்னால் மட்டும் அவமானமாகக் கருதுகிறோம். தாலி தொற்றைத் தடுக்காது. ஆணுறையைப் பிள்ளை வேண்டாம் என்பவர்களுக்கான பொருள் என்று மட்டும் எண்ணுகிறோம். பிள்ளைப்பேற்றையும் பாலியல் நோயையும் ஒருங்கே தடுக்கும் சாதனம் அது. வன்முறைக்கு ஆளான பெண்ணோ, தொற்று ஏற்பட்டிருக்கலாம் என்று அஞ்சும் எவரோ 72 மணித்தியாலத்துக்குள் மருத்துவரிடம் வந்தால் தடுப்பு மருந்து தரமுடியும். வெட்கத்தில் கழியும் ஒவ்வொரு மணித்தியாலமும் அந்த வாய்ப்பைக் குறைக்கிறது.

என் வயதுத் தோழிகளுக்கும் ஒரு வார்த்தை. 35 வயதானவர்கள் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போயிருக்கிறீர்களா? பாப் பரிசோதனை சில நிமிட வேலை. எச்.ஐ.வி. தொற்றுள்ள பெண்ணுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏனைய பெண்களைவிட ஆறு மடங்கு அதிகம் என்பதால் இந்த இரண்டு பரிசோதனைகளும் ஒன்றுக்கொன்று துணையானவை. மாதவிடாய் நின்றபின் பிள்ளை தங்காது என்பதால் ஆணுறையும் தேவையில்லை என்று எண்ணுவது தவறு. அந்த வயதில் யோனிச் சவ்வு மெலிந்து, எளிதில் காயப்பட்டுத் தொற்றுக்கு இடம் கொடுக்கும். ஐம்பதிலும் அறுபதிலும் தொற்று வரலாம். வயதுபோன பெண்ணிடம் இந்தக் கேள்வியைக் கேட்க மருத்துவர்களாகிய நாங்களே கூச்சப்படுகிறோம்.

தொற்று இருப்பதாகத் தெரிந்தால் அது முடிவல்ல. ஒழுங்காக மருந்து எடுத்து இரத்தத்தில் வைரசின் அளவு கண்டறிய முடியாத நிலைக்கு இறங்கியவரிடமிருந்து பாலுறவின் வழியாகத் தொற்று மற்றவருக்குப் பரவாது. இது மருத்துவ ஆய்வுகளால் உறுதியானது. ஒரே கோப்பையில் தேநீர் குடிப்பதாலோ, கட்டி அணைப்பதாலோ, ஒரு வகுப்பில் இருப்பதாலோ அது எப்போதும் பரவியதில்லை. நம் நாட்டு அரச பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். இரகசியமும் காக்கப்படும்.

இந்த மலரை யாழ்ப்பாணத்தில் வாசிப்பவர்களைவிட ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும் வாசிப்பவர்கள் கூடுதலாக இருக்கலாம். ஒன்ராறியோவில் பிறந்த ஒரு பெண் இனுவிலை நோக்கிக் கப்பலேறினார். நூறு ஆண்டுகள் கழித்து இனுவிலையும் அதன் சுற்றாடலையும் சேர்ந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் அதே ஒன்ராறியோவுக்குப் போய்க் குடியேறினார்கள். அவர் நம் பெண்களிடம் வந்தபோது தன் ஊரின் நல்ல வழக்கமொன்றைக் கொண்டுவந்து நட்டார். அங்கே வாழும் நம் சகோதரிகளும் அப்படியே செய்யலாம். உங்களுக்கு வரும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனை அழைப்பைத் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் மகள்மாரோடும் மகன்மாரோடும் இவற்றைத் தமிழில் பேசுங்கள். தமிழில் சொல் இல்லை என்று எண்ணவேண்டாம். சொற்கள் இருக்கின்றன. சொல்லிப் பழகாததுதான் குறை.

நம் கல்லூரியின் இரண்டாவது நூற்றாண்டு தொடங்குகிறது. மண்டபமும் விளையாட்டுத் திடலும் கட்டுவதற்கு நிதி சேர்க்கிறோம், நல்லது. அத்துடன் ஆண்டுக்கு ஒரு நாளாவது, பழைய மாணவிகளான மருத்துவர்களும் தாதியரும் மருத்துவமாதுகளும் உயர்வகுப்பு மாணவிகளோடு அமர்ந்து, அவர்கள் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்ட கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும் என்று சங்கத்திடம் விண்ணப்பிக்கிறேன். முதல் ஆண்டுக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். நாங்கள் வீட்டில் வாசிக்கும்படி விட்டுவிட்ட அந்த அத்தியாயத்தில் இருந்து தொடங்குகிறேன்.